மூளையை அளக்கும் மரக்கால் யார் கையில்?

“மனிதன் மனத்தில் நினைப்பதை யந்திரம் படித்துவிட்டது!”

2023-ம் ஆண்டு மே மாதத்தில் உலகத்துப் பெரும் பத்திரிகைகள் பலவும் இப்படிக் கொட்டை எழுத்தில் கூவின. அமெரிக்காவில் ஆஸ்டின் நகரத்து டெக்ஸாஸ் சர்வகலாசாலையில் ஜெர்ரி டாங், அலெக்சாண்டர் ஹத் முதலான விஞ்ஞானிகள் நடத்திய ஒரு பரிசோதனையைப் பற்றிய செய்தி அது. நாலு நாள் பரபரப்பு. பிறகு பத்திரிகைகள் சினிமாவுக்கும் கிரிக்கெட்டுக்கும் திரும்பிவிட்டன.

அதே டாங்கும் ஹத்தும் 2025 பிப்ரவரியில் இரண்டாவது ஆராய்ச்சி ஒன்றை வெளியிட்டார்கள். அதற்கு இவ்வளவு கூச்சல் எழவில்லை. ஆனால் ஆலையிலும் வயலிலும் பாடுபடும் மக்கள் உற்றுக் கவனிக்க வேண்டியது முதலாவதை அல்ல, இந்த இரண்டாவதைத்தான்.

முதல் பரிசோதனையில் நடந்தது என்ன? மூன்று பேரை ஸ்கேன் யந்திரத்துக்குள் அசையாமல் படுக்க வைத்து, ஆளுக்குப் 16 மணி நேரம் காதில் கதை சொன்னார்கள். எந்தப் பேச்சுக்கு மூளையில் எந்த இடம் எப்படிச் சலனப்படுகிறது என்பதைக் கம்ப்யூட்டர் பாடம் படித்தது. பிறகு புதுக் கதை ஒன்றைச் சொல்லி, மூளையின் சலனத்தை மட்டும் வைத்துக் கதையை ஊகிக்கச் சொன்னார்கள். சொல்லுக்குச் சொல் வரவில்லை. கருத்து வந்தது. “என்னிடம் இன்னும் டிரைவிங் லைசென்ஸ் இல்லை” என்று காதில் கேட்டது, “அவள் இன்னும் வண்டி ஓட்டக் கற்க ஆரம்பிக்கவேயில்லை” என்பது போல வெளியே வந்தது. இது மகத்தான சாதனை என்பதில் ஐயமில்லை.

அதில் ஓர் ஆறுதலும் இருந்தது. ஒருவர் மூளையில் பழகிய யந்திரம் இன்னொருவர் மூளைக்கு முன்னால் குருடாகிப் போயிற்று, உளறிக் கொட்டியது. பழகிய ஆளே ஒத்துழைக்காமல் மனதுக்குள் ஏழேழாக எண்ணினாலும், மிருகங்களின் பெயரை அடுக்கினாலும், வேறு கதை சொல்லிக்கொண்டாலும் யந்திரம் தோற்றது. ஆகவே ஒவ்வொரு மண்டையும் ஒரு தனிக் கோட்டை, பயப்பட ஒன்றுமில்லை என்று பலரும் பெருமூச்சு விட்டார்கள்.

இரண்டாவது ஆராய்ச்சி கைவைத்தது அந்தக் கோட்டைச் சுவரின் மேல்தான். ஒரு மூளையில் கற்ற பாடத்தை இன்னொரு மூளைக்கு மாற்றிக் கொடுக்கும் வழியை அவர்கள் காட்டினார்கள். புதிய ஆள் 16 மணி நேரம் படுத்துக் கிடக்க வேண்டியதில்லை. சுமார் ஒரு மணி நேரம் போதும். கதை கேட்கவும் வேண்டாம். பேச்சில்லாத பொம்மைப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். துல்லியம் குறைகிறது என்பது மெய். ஆனால் 16 மணி 1 மணியாகிவிட்டது. இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

நெருப்பல்ல, புகை

ஒரு மூளையோடு இன்னொரு மூளையை எப்படிப் பொருத்துகிறார்கள்? இது படித்தவர்களுக்கு மட்டும் விளங்கும் மர்மம் அல்ல.

மூளையில் எந்தப் பகுதி வேலை செய்கிறதோ அங்கே பிராணவாயு நிறைந்த ரத்தம் கூடுதலாகப் பாய்கிறது. பிராணவாயு உள்ள ரத்தத்துக்கும் இல்லாத ரத்தத்துக்கும் காந்த குணத்தில் வேறுபாடு உண்டு என்று 1936-ல் லைனஸ் பவுலிங்கும் சார்லஸ் கோரியலும் கண்டுபிடித்தார்கள். (கம்யூனிஸ்டுச் சார்புடையவர் என்று சந்தேகித்து 1952-ல் அமெரிக்க சர்க்கார் பாஸ்போர்ட் தர மறுத்ததே, அந்தப் பவுலிங்தான் இவர். 1962-ம் ஆண்டின் சமாதான நோபல் பரிசும் இவருக்குத்தான் வந்தது.) அந்த வேறுபாட்டைக் கொண்டே மூளை வேலை செய்வதைப் படம் பிடிக்கலாம் என்று 1990-ல் ஸெய்ஜி ஒகாவா என்ற ஜப்பானிய விஞ்ஞானி, அமெரிக்க டெலிபோன் கம்பெனி ஒன்றின் ஆராய்ச்சிக் கூடத்தில் எலிகளின் மூளையை வைத்துக் காட்டினார். இரண்டு வருஷத்துக்குள் மனித மூளையையும் அப்படிப் படம் எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் இருக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் யந்திரந்தான், எடுக்கிற விதம் வேறு.

ஆகவே இந்த யந்திரம் நினைப்பைப் பார்ப்பதில்லை. நரம்பணுவின் வேலையைக்கூட நேராகப் பார்ப்பதில்லை. ரத்தம் பாய்வதைப் பார்க்கிறது; அதுவும் ஐந்தாறு நொடி தாமதமாக. நெருப்பைப் பார்ப்பதில்லை, புகையைப் பார்க்கிறது.

இனி ஒரு கிராமத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நூறு வீடு. எல்லா வீட்டிலும் அடுப்பு உண்டு, நெல் கொட்டும் குதிர் உண்டு, மாட்டுக் கொட்டில் உண்டு. ஆனால் ஒரு வீட்டில் அடுப்பு வடக்கு மூலையில் இருக்கும். அடுத்த வீட்டில் தாழ்வாரத்தில் இருக்கும். மூன்றாவது வீட்டில் கொல்லைப்புறத்தில். வெளியூரான் ஒருவன் முதல் வீட்டை மட்டும் அளந்துகொண்டு, “வாசலிலிருந்து பத்தடி உள்ளே, மூன்றடி இடதுபுறம், அங்கேதான் அடுப்பு” என்று ஊருக்கெல்லாம் ஒரே கணக்குச் சொன்னால் என்ன ஆகும்? ஒரு வீட்டில் அடுப்பு இருக்கும். இன்னொரு வீட்டில் குதிர் இருக்கும். மூன்றாவது வீட்டில் மாடு நின்றுகொண்டிருக்கும்!

மூளை விஞ்ஞானம் நெடுங்காலம் இந்த வெளியூரான் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தது. ஆளுக்கு ஆள் மூளையின் அளவு வேறு, மடிப்பு வேறு. எல்லாவற்றையும் ஒரே அச்சுக்கு இழுத்தும் சுருக்கியும் பொருத்தினார்கள். அந்த அச்சு எது? பாரிஸ் நகரத்து டாக்டர் ஜான் டலெராக், பியர் டூர்னூ என்பவரோடு சேர்ந்து 1988-ல் வெளியிட்ட மூளைப் படப் புத்தகம். அது யாருடைய மூளை? இறந்துபோன 60 வயது மூதாட்டி ஒருவருடைய மூளை. ஒரே ஒரு மூளை! மனிதகுலம் முழுவதற்கும் அதுவே அளவுகோலாயிற்று. பிறகு கனடாவில் மான்ட்ரியல் நரம்பியல் நிலையத்தார் 305 பேருடைய ஸ்கேனைச் சேர்த்து ஒரு சராசரி அச்சுச் செய்தார்கள். அந்த 305 பேரில் 239 பேர் ஆண்கள். சராசரி வயது 23-க்குச் சற்று மேல். இந்தியருக்கென்று 100 பேரை வைத்து ஓர் அச்சு ஹைதராபாத்தில் ஐ.ஐ.ஐ.டி. என்ற உயர்கல்வி நிலையத்தில் உருவானது 2019-ல்தான். இந்திய மூளை சராசரி அளவில் மேலைநாட்டு அச்சைவிடச் சற்றுச் சிறியது என்று அது காட்டியது.

இங்கே ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அளவு சிறியதென்றால் அறிவு சிறியதென்று கதை கட்டுகிறவர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு. 19-ம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்தில் சாமுவேல் மார்ட்டன் என்ற டாக்டர் மண்டை ஓடுகளைச் சேகரித்து, அவற்றுக்குள் விதைகளைக் கொட்டியும் ஈயக் குண்டுகளைக் கொட்டியும் அளந்தார். நெல்லை அளப்பது போல மனித மண்டையை அளந்தார்! வெள்ளையன் மேலே, நீக்ரோ கீழே என்று பட்டியல் போட்டார். அடிமைகளை வைத்திருந்த பண்ணை முதலாளிகளுக்கு அந்தப் பட்டியல் எவ்வளவு இனித்திருக்கும் என்று சொல்ல வேண்டுமா? கீழத் தஞ்சையில் கள்ள மரக்காலால் கூலி அளந்த மிராசுதார்களைக் கண்ட நமக்கு இந்த வித்தை புதிதல்ல. அளவில் மோசடி செய்கிறவன் எப்போதும் தன் பக்கமே குவியும்படிதான் அளப்பான்.

கொள்ளைக்காரன் கட்டில்

கிரேக்க நாட்டில் ஒரு பழங்கதை உண்டு. புரோக்ரஸ்டிஸ் என்று ஒரு கொள்ளைக்காரன். வழிப்போக்கர்களை அழைத்து வந்து தன் கட்டிலில் படுக்க வைப்பானாம். ஆள் குட்டையென்றால் கட்டில் நீளத்துக்கு இழுத்து நீட்டுவான். நெட்டையென்றால் மிஞ்சுகிற காலை வெட்டுவான். கடைசியில் தெஸ்யூஸ் என்ற வீரன் அவனையும் அதே விதமாக முடித்தான் என்பது கதை.

ஒரு வடிவத்தை இன்னொரு வடிவத்தோடு பொருத்தும் கணக்கு முறை ஒன்றுக்கு 1962-ல் இந்தக் கொள்ளைக்காரன் பெயரையே வைத்தார்கள் மனோதத்துவ வல்லுநர்கள். வேடிக்கை என்னவென்றால், அந்தக் கணக்கின் சுத்தமான வடிவம் அவன் செய்ததைச் செய்வதில்லை. அது இழுப்பதுமில்லை, வெட்டுவதுமில்லை. திருப்பிப் பார்க்கிறது, அவ்வளவுதான். உள்ளே இருக்கும் புள்ளிகளுக்கு இடையிலுள்ள தூரம் ஒரு நூலிழைகூட மாறாது.

2011-ல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாகாணத்து டார்ட்மத் கல்லூரியில் ஜேம்ஸ் ஹாக்ஸ்பி என்ற விஞ்ஞானியும் தோழர்களும் இந்தக் கணக்கை மூளைக்குப் பிரயோகித்துப் பார்த்தார்கள். சுமார் 20 பேருக்கு ஒரே சினிமாவை முழுக்கக் காட்டினார்கள். எந்தப் படம் தெரியுமா? 1981-ல் வெளிவந்த ‘ரெய்டர்ஸ் ஆப் தி லாஸ்ட் ஆர்க்’. பிற நாட்டுக் கோவில் புதையலைத் தூக்கிக்கொண்டு ஓடும் வெள்ளைக்கார வீரனின் பராக்கிரமம்! விஞ்ஞானிகளுக்கு வேறு படம் அகப்படவில்லை போலும். போகட்டும். ஏறக்குறைய இரண்டு மணி நேரம் எல்லோரும் ஒரே காட்சிகளை ஒரே வரிசையில் பார்த்தார்கள். ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் உலை வைத்த மாதிரி. இப்போது அடி அளந்து பார்க்க வேண்டியதில்லை. மேட்டில் ஏறி நின்று, எந்தக் காட்சிக்கு யார் மூளையில் எங்கே புகை எழுகிறது என்று பார்த்துப் பொருத்தினால் போதும்.

பொருத்தம் சரிதானா என்று பரிசோதிக்கப் படத்தில் பாதியை வைத்துப் பொருத்திவிட்டு, மறுபாதியில் சோதித்தார்கள். ஒருவர் மூளையின் சலனத்தை மட்டும் பார்த்து, அவர் பார்ப்பது படத்தின் எந்தப் பதினெட்டு நொடித் துண்டு என்று மற்றவர்களின் மூளையைக் கொண்டு கண்டுபிடிக்க வேண்டும். அடி அளந்து பொருத்தியபோது கிடைத்த சரியான விடையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இந்தப் புது முறையில் கிடைத்தது. நூற்றுக்கு 70 அளவில் சரியாக வந்தது.

இன்னொன்றும் தெரிந்தது. பார்த்த பொருளை இன்னதென்று அறியும் மூளைப் பகுதியில் ஆயிரக்கணக்கான புள்ளிகள் இருந்தாலும், எல்லோருக்கும் பொதுவான 35 அளவைகளைக் கொண்டே அங்கே நடப்பதன் நுணுக்கத்தைச் சொல்லிவிட முடிந்தது. சாயப்பட்டறையில் சில அடிப்படைச் சாயங்களை வேறு வேறு விகிதத்தில் கலந்து எத்தனையோ நிறம் எடுக்கிறோமே, அது போல. சாயம் எல்லோருக்கும் ஒன்று. எந்தத் தொட்டியில் எந்தச் சாயம் நிற்கிறது என்பதுதான் ஆளுக்கு ஆள் வேறு.

இதன் பொருள் என்ன? மனிதர்களை ஒரே அச்சில் போட்டு நசுக்கினால் அவர்களுடைய பொதுத்தன்மை தெரியாது, மறைந்துபோகும். அவரவர் அமைப்பை அவரவர்க்கு விட்டுவிட்டு, செய்கிற வேலையை வைத்துப் பார்த்தால்தான் பொதுத்தன்மை வெளியே வரும். பிறவியிலேயே மூளை உயர்ந்தவன், தாழ்ந்தவன் என்று சாதிக்கும் இனத்துக்கும் வக்காலத்து வாங்குகிறவர்கள் முகத்தில் அடிக்கிற செய்தி இது. பிலடெல்பியா டாக்டருடைய ஈயக் குண்டுக்கு இது நல்ல பதில்.

ஆயினும் ‘எல்லோருக்கும் பொது’ என்கிற வார்த்தையை நாம் சும்மா ஏற்றுக்கொள்ளலாகாது. எந்த எல்லோர்? இத்தகைய பரிசோதனைகளில் படுப்பவர்கள் பெரும்பாலும் சர்வகலாசாலையைச் சுற்றியுள்ள படித்த இளைஞர்கள். வாழ்க்கை மூளையை மாற்றுகிறது என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி உண்டு. லக்னோவுக்கு அருகேயுள்ள கிராமங்களில் எழுத்தறியாத பெரியவர்களுக்கு ஆறு மாத காலம் தேவநாகரி எழுத்துச் சொல்லிக் கொடுத்து, முன்னும் பின்னும் ஸ்கேன் எடுத்த ஆராய்ச்சி 2017-ல் வெளிவந்தது. வயது முப்பதை ஒட்டியவர்கள் அவர்கள். எழுத்துப் படித்த ஆறே மாதத்தில் மூளையின் அடியாழத்திலுள்ள பகுதிகளும் பார்வைப் பகுதியும் ஒன்றோடொன்று முன்னைவிட இணக்கமாகச் சலனப்படத் தொடங்கின. பள்ளிக்கூடம் மறுக்கப்பட்டவன் மூளை வேறு விதமாகப் பழகியிருக்கிறது. பள்ளிக்கூடம் கிடைத்தால் முப்பது வயதிலும் மாறுகிறது! அப்படியானால், நாற்பது வருஷம் நாற்று நட்ட பெண்ணையும், இருபது வருஷம் நூல் இழையைப் பிணைத்த தொழிலாளியையும் சேர்த்துக்கொள்ளாமல் செய்த பொது அச்சு எவ்வளவு தூரம் பொது? நாளை அந்த அச்சோடு பொருந்தாத மூளையைக் ‘கோளாறு’ என்று எழுதிவிட மாட்டார்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

ஒரு மணி நேரக் கையெழுத்து

இப்போது அந்த 16 மணி, 1 மணிக் கணக்குக்கு வருவோம்.

டெக்ஸாஸ் விஞ்ஞானிகள் கெட்ட எண்ணத்தோடு இதைச் செய்யவில்லை. பக்கவாதம் தாக்கிப் பேச்சிழந்தவர்களுக்கு உதவ வேண்டும் என்பதே நோக்கம். அப்படிப்பட்டவர்களில் பலருக்குப் பிறர் பேச்சைப் புரிந்துகொள்வதும் கஷ்டம். 16 மணி நேரம் கதை கேட்டு யந்திரத்தைப் பழக்க அவர்களால் முடியாது. அதனால்தான் பேச்சில்லாத படம். அதனால்தான் ஆரோக்கியமானவர் மூளையில் கற்றதை மாற்றிக் கொடுக்கும் வழி. பேச்சு நின்றுபோய், தண்ணீர் வேண்டும் என்று சொல்லத் தெரியாமல் கண்ணீர் விடும் குடும்பத் தலைவனை வீட்டில் வைத்துப் பார்த்தவர்களுக்கு இந்த ஆராய்ச்சியின் அருமை தெரியும். நாம் இதை வரவேற்கிறோம். விஞ்ஞானத்தைக் கண்டு கல்லெறிவது நம் வேலையல்ல.

ஆனால் விஞ்ஞானி செய்ததை விற்கப்போவது விஞ்ஞானி அல்ல. 16 மணி நேரம் ஒரு தொழிலாளியைச் சம்பளம் கொடுத்துப் படுக்க வைத்து அவன் மூளையை யந்திரத்துக்குப் பழக்க எந்த முதலாளியும் முன்வர மாட்டான். ஒரு மணி நேரம்? வேலைக்குச் சேரும் நாளில் கண் பரிசோதனை, எடை பார்ப்பது, ரத்தம் எடுப்பது ஆகியவற்றோடு இதையும் ஒரு வரிசையில் நிற்க வைத்து முடித்துவிடலாமே! காசு மிச்சம் என்கிற அந்த ஒரே சுவர்தான் இவ்வளவு நாள் ஏழையின் மண்டையைக் காத்து வந்தது. மூளையோடு மூளையைப் பொருத்தும் கலை அந்தச் சுவரைத்தான் இடிக்கிறது.

“இதற்கு ஆளின் சம்மதம் வேண்டுமே, பலவந்தமாகச் செய்ய முடியாதே” என்று சமாதானம் சொல்வார்கள். சம்மதமாம்! சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் நம் மேற்கு மாவட்ட நூல் மில்கள் பலவற்றில் மூன்று வருஷ ஒப்பந்தத்துக்கு அடைபட்ட பெண்பிள்ளைகளும் சம்மதம் என்றுதான் கையெழுத்துப் போட்டார்கள். 2023 ஜனவரி முதல் நூறு நாள் வேலையில் தினம் இரண்டு முறை செல்போனில் படம் பிடித்து ஏற்றினால்தான் வருகை என்றபோது, சிக்னல் கிடைக்காத கிராமத்துப் பெண்ணிடம் யார் சம்மதம் கேட்டார்கள்? அடுத்த வேளைச் சோற்றுக்கு வேலையை நம்பியிருப்பவனிடம் வாங்கும் சம்மதம் சம்மதமல்ல. பசியின் கைரேகை அது.

மில் வாசலில் ஸ்கேன் யந்திரம் நாளைக்கே வந்துவிடும் என்று சொல்லவில்லை. அது பல டன் எடையும் பல கோடி விலையும் உள்ள சாதனம். ஆனால் மூளையின் மின் அலைகளைத் தலைத்தோலின் மேலிருந்தே பிடிக்கும் தொப்பி விலை மலிவு. ஆஸ்திரேலியாவில் உருவான இத்தகைய தொப்பி, சுரங்க லாரி டிரைவர்கள் கண்ணயர்கிறார்களா என்று கண்டுபிடிக்க அவர்கள் தலையில் ஏறிப் பல வருஷங்களாகின்றன. சீனத்திலும் சில தொழிற்கூடங்களில் இதைப் போட்டுப் பார்ப்பதாக 2018-ல் ஹாங்காங் பத்திரிகை ஒன்று எழுதியது. எந்த நாடானாலும், எந்தக் கொடி பறந்தாலும், தொழிலாளியின் தலைக்குள் இருப்பது தொழிலாளியின் சொத்து என்பதே நம் அபிப்பிராயம். அந்தத் தொப்பிக்கும் ஆளுக்கு ஆள் பழக்க வேண்டிய தொல்லை இருந்தது. 2019-ல் பிரான்ஸ் தேசத்துக் கிரனோபிள் நகரத்து ஆராய்ச்சியாளர்கள், அதே கொள்ளைக்காரன் பெயருள்ள கணக்கைக் கொண்டு, ஒருவர் அலையை இன்னொருவர் அலையோடு பொருத்தும் முறையை வெளியிட்டுவிட்டார்கள்.

லாரி டிரைவர் கண்ணயராமல் இருப்பது அவர் உயிருக்கு நல்லதுதானே என்று கேட்கலாம். நல்லதுதான். அதற்கு ஷிப்டைக் குறை, தூங்க நேரம் கொடு! தலையில் தொப்பி மாட்டிவிட்டுப் பன்னிரண்டு மணி நேரம் ஓட்டச் சொன்னால், அளக்கப்படுவது களைப்பு, விற்கப்படுவது தொப்பி, மாறாமல் இருப்பது வேலை நேரம்.

எவன் சங்கத்தில் சேருவான், எவன் மேஸ்திரியை எதிர்த்துப் பேசுவான் என்பதையெல்லாம் மூளையைப் பார்த்துச் சொல்ல இன்றைய யந்திரத்தால் முடியாது. இதைத் திட்டமாகச் சொல்கிறோம். ஆனால் முடியும் என்று சொல்லி ஆளை வெளியே தள்ளுவதற்கு யந்திரம் உண்மையிலேயே முடிக்க வேண்டிய அவசியமில்லையே! இதற்கும் நம் நாட்டில் சாட்சி உண்டு. மூளையின் மின் அலையைப் பார்த்தே ஒருவருக்குக் குற்றத்தின் அனுபவம் உண்டா இல்லையா என்று சொல்லிவிடலாம் என்கிற முறை ஒன்றை இங்கே கொண்டுவந்தார்கள். எல்லோர் மூளையும் ஒரே குறியைக் காட்டும் என்கிற நம்பிக்கைதான் அதற்கு அஸ்திவாரம். 2008-ல் புனாவில் ஒரு கோர்ட்டு, கொலை வழக்கொன்றில் அந்தச் சோதனையையும் சாட்சியமாகக் கொண்டு ஓர் இளம்பெண்ணுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அதே வருஷம் பெங்களூர் நிம்ஹான்ஸ் டைரக்டர் தலைமையில் அமைந்த நிபுணர் குழு, இந்த முறைக்கு விஞ்ஞான ஆதாரம் போதாது, கோர்ட்டில் சாட்சியமாக வைக்கலாகாது என்று சொன்னது.

போலீஸ் கேட்டால் மறுக்கலாம், முதலாளி கேட்டால்?

2010 மே 5-ந் தேதி ‘செல்வி எதிர் கர்நாடக அரசு’ என்ற வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு ஒரு நல்ல தீர்ப்பைத் தந்தது. ஒருவர் விருப்பமில்லாமல் மயக்க மருந்துச் சோதனை, பொய் கண்டறியும் சோதனை, மூளை அலைச் சோதனை ஆகியவற்றைச் செய்யக் கூடாது. அது தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்துவதாகும். அரசியல் சட்டத்தின் 20-வது ஷரத்துக்கு விரோதம். போலீஸ்காரன் கை மூளைக்குள் நுழைவதற்கு அது ஒரு தடை.

முதலாளியின் கைக்கு என்ன தடை? பார்லிமெண்டு 2023-ல் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிமனிதத் தகவல் பாதுகாப்புச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். பெயரில் பாதுகாப்பு இருக்கிறது. சம்மதமில்லாமலே தகவலைக் கையாளலாம் என்று விதிவிலக்குகளை அடுக்கும் 7-வது பிரிவின் கடைசி உட்பிரிவைப் பாருங்கள்: வேலை சம்பந்தமான காரியங்களுக்காகவும், முதலாளியை நஷ்டத்திலிருந்து காப்பதற்காகவும் தொழிலாளியின் தகவலைக் கையாளலாம்! மூளையிலிருந்து எடுக்கும் தகவல் என்ற வார்த்தையே சட்டத்தில் இல்லை. உடல்நிலை, மனநிலை பற்றிய தகவலைக்கூடத் தனியாகப் பிரித்துக் கூடுதல் காப்புத் தரவில்லை. களைப்பு நஷ்டம், கவனக்குறைவு நஷ்டம், அதிருப்தி பெரிய நஷ்டம். எதைத்தான் இந்தக் கதவு வழியாகக் கொண்டுபோக முடியாது?

மற்ற இடங்களில் விழித்துக்கொண்டிருக்கிறார்கள். அலெண்டேயின் நாடான சிலி 2021-ல் தன் அரசியல் சட்டத்தைத் திருத்தி, மூளையின் செயலையும் அதிலிருந்து வரும் தகவலையும் காக்க வேண்டும் என்று எழுதிக்கொண்டது. 2023 ஆகஸ்டில் அந்நாட்டு சுப்ரீம் கோர்ட்டு, மூளை அலைப் பட்டை விற்ற ஓர் அந்நியக் கம்பெனி, முன்னாள் செனட்டர் ஒருவரிடமிருந்து சேகரித்த மூளைத் தகவலை அழிக்கும்படி உத்தரவிட்டது. அமெரிக்காவிலேயே கொலராடோ, கலிபோர்னியா மாகாணங்கள் 2024-ல் இதற்கென்று சட்டம் செய்தன. 2025 நவம்பரில் யுனெஸ்கோ சபை இதைப் பற்றிய நெறிமுறையை ஏற்றது. கட்டாயப்படுத்தும் பல் அதற்கு இல்லை. ஆனாலும் நம் சர்க்காரிடம் காட்டிக் கேட்க ஒரு காகிதம் கிடைத்திருக்கிறது.

நாம் கேட்க வேண்டியது இதுதான். வேலை கொடுப்பவன் மூளைத் தகவலைக் கேட்கவும் கூடாது, எடுக்கவும் கூடாது, பிறரிடம் வாங்கவும் கூடாது. தொழிலாளி சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருந்தாலும் செல்லாது என்று சட்டத்தில் எழுது. குழந்தையைக் கூலிக்கு விட அப்பன் சம்மதித்தாலும் செல்லாது என்று சட்டம் சொல்லவில்லையா? அதைப் போல. 7-வது பிரிவின் அந்தக் கடைசி உட்பிரிவை இந்த விஷயத்தில் ரத்துச் செய். பொதுப் பணத்தில் செய்யும் மூளை அச்சுகள் பொதுச் சொத்தாக இருக்கட்டும். அவற்றில் உழைப்பாளி மக்களும் அவர்கள் மொழியில் விளக்கிச் சொல்லப்பட்டு, விரும்பினால் மட்டும், இடம் பெறட்டும். பேச்சிழந்தவருக்குப் பேச்சுத் தரும் சாதனம் நாளை உருவாகுமானால் அது முதலில் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கும் ஜில்லா ஆஸ்பத்திரிக்கும் வரட்டும். இன்றைக்கே பக்கவாதம் வந்த தொழிலாளிக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்க அங்கெல்லாம் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதையும் சங்கங்கள் கேட்டுப் பார்க்க வேண்டும். அதற்குக் கோடி ரூபாய் யந்திரம் தேவையில்லை.

சட்டம் வரும் வரை காத்திருக்கவும் வேண்டாம். சம்பள ஒப்பந்தப் பேச்சில் போனஸ், பஞ்சப்படியோடு இந்த ஒரு வரியையும் சேர்க்கலாம்: தொழிலாளியின் தலையிலிருந்து எந்தச் சாதனத்தாலும் தகவல் எடுக்கப்பட மாட்டாது. வேலையில் சேரும்போதோ, பாதுகாப்புப் பயிற்சி என்ற பெயரிலோ நீட்டும் படிவத்தில் ‘உடல், மனத் தகுதிக்கான எல்லாச் சோதனைகளுக்கும் சம்மதிக்கிறேன்’ என்கிற மாதிரி ஒரு வரி இருந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்தப் படிவத்தின் நகலைச் சங்க ஆபீசுக்குக் கொண்டு வாருங்கள். படிக்கத் தெரியாதவர்கள் பக்கத்திலிருப்பவரைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.